முதலில் ஊகம், அப்புறம் வாளி: சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

முதல் நாளுக்கு ஒரு வாளித் தண்ணீர், மட்டை உரிக்காத ஒரு தேங்காய், ஒரு புளியங்கொட்டை. இவ்வளவு போதும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளோடு அறிவியல் செய்து பார்க்க ஆசைப்படும் புது ஆசிரியர்கள், மாலை நேரத்தில் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கும் தம்பி தங்கைகள், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன சாமான் வாங்கணும்?" என்றுதான். சாமான் பட்டியலைத் தள்ளி வையுங்கள். அதற்கு முன் பழக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பிள்ளை ஊகம் சொல்லும் முன் எதையும் செய்து காட்டக் கூடாது.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாக வரும். வரவில்லை என்றால், ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கினாலும் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

தேங்காயும் புளியங்கொட்டையும்

முதல் வகுப்பை அப்படியே விவரிக்கிறேன். இதைச் செய்தால் மற்றவற்றுக்கும் வழி புரிந்துவிடும்.

பிள்ளைகளை வாளியைச் சுற்றி வட்டமாக உட்கார வையுங்கள். தேங்காயை முதலில் கையில் கொடுங்கள். ஒவ்வொருவரும் தூக்கிப் பார்க்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு கையாலும் தூக்கி முகம் சிவப்பது நல்லதுதான். அந்தக் கனம் அதன் கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் புளியங்கொட்டை. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இப்போது கேளுங்கள்: "இது ரெண்டையும் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

கை தூக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த ஒரு பையன் எந்தப் பக்கம் கை தூக்குகிறானோ அந்தப் பக்கம் எல்லாக் கையும் போய்விடும். அதற்குப் பதில் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றில் மிதக்கும் இலைப் படமும் இன்னொன்றில் அடியில் கிடக்கும் கல் படமும் வரையுங்கள். ஆளுக்கு ஒரு சோழியோ சிறு கல்லோ கொடுத்து, தேங்காய்க்குத் தன் ஊகம் எதுவோ அந்த வட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பிள்ளையும் இதில் வாக்களிக்கும். வைத்துவிட்ட கல் கண்ணுக்கு முன்னால் கிடப்பதால், "நான் அப்படிச் சொல்லவே இல்ல டீச்சர்" என்று பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

பெரும்பாலான கற்கள் 'மூழ்கும்' வட்டத்தில்தான் விழும். "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். "கனமா இருக்கு, அதான் முங்கிரும்" என்பார்கள். தலையை ஆட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஒரு காகிதத்தில் அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்.

இப்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தேங்காயை வாளியில் மெல்ல விடச் சொல்லுங்கள். மிதக்கும். ஒரு கணம் சத்தமே இருக்காது, அப்புறம் ஓவென்று ஒரே கூச்சல். அடுத்துப் புளியங்கொட்டை. நேரே அடிக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நானும் தொடக்கத்தில் சில மாதங்கள் இதே தவறைச் செய்தேன். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்கும் அந்த நேரத்தில், "ஏன்னா தேங்காய்க்கு அடர்த்தி குறைவு" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லிவிட்டால் கதவை மூடிவிட்டோம் என்று பொருள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அடர்த்தி என்பது மனப்பாடம் செய்ய இன்னொரு சொல், அவ்வளவுதான். சொல்லாமல் அடக்கிக்கொண்டு, "அப்படின்னா கனமா இருந்தா முங்கும்னு சொன்னது என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே புது ஊகம் சொல்வார்கள். "உள்ள காத்து இருக்கு", "மட்டை இருக்குல்ல, அதான்", "உருண்டையா இருந்தா மிதக்கும்" என்று வரும். ஒவ்வொன்றும் அடுத்து செய்து பார்க்கக் கிடைத்த சோதனை. உருண்டையாக இருந்தால் மிதக்குமா? சரி, ஒரு உருண்டைக் கூழாங்கல்லைப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு எவர்சில்வர் கரண்டியும் எவர்சில்வர் கிண்ணமும் கொடுங்கள். இரண்டும் ஒரே உலோகம். கரண்டி மூழ்கும். கிண்ணத்தை வாய் மேலே இருக்கும்படி மெல்ல வைத்தால் மிதக்கும், சாய்த்தால் தண்ணீர் ஏறி மூழ்கும். இனி கிண்ணத்தில் எத்தனை புளியங்கொட்டை ஏற்றினால் மூழ்கும் என்று போட்டி வைக்கலாம். எண்ணிக்கை இதிலேயே வந்துவிடுகிறது. தனியாகக் கணக்குப் பாடவேளை தேடிப் போக வேண்டாம்.

எலுமிச்சை கொண்டுபோக நினைத்தால் முந்தின நாளே வீட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் எலுமிச்சையில் சில மிதக்கும், சில மூழ்கும். அதுவே நல்ல கேள்விதான், ஆனால் முதல் நாளுக்கு வேண்டாம்.

இதற்கு அடுத்த வாரம் முட்டையும் உப்பும். நல்ல புது முட்டை சாதாரணத் தண்ணீரில் அடியில் கிடக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தேக்கரண்டி தேக்கரண்டியாக உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல எழும்பும். நாலைந்து தேக்கரண்டி ஆகும். முட்டையையும் டம்ளரையும் பொறுத்துக் கூடக் குறையப் போகும். "எத்தனை கரண்டியில எழும்பும்?" என்று ஊகிக்க வைப்பது, "எழும்புமா எழும்பாதா?" என்று கேட்பதைவிட நல்லது. முட்டை பழசாகி இருந்தால் சும்மா தண்ணீரிலேயே மிதந்து உங்களை ஏமாற்றிவிடும். பார்த்து வாங்குங்கள்.

டெல்டா மாவட்டங்களில் இதைச் செய்தால் ஏதாவது ஒரு பிள்ளை, "எங்க தாத்தா விதைநெல்லுக்கு இப்படிச் செய்வாரு" என்று சொல்லக்கூடும். விதைநெல் தேர்வுக்கு உழவர்கள் செய்வது இதுவேதான். தண்ணீரில் முட்டை மேலே வந்து, பழைய 25 காசு அளவுக்கு அதன் தலை வெளியே தெரியும்வரை உப்புப் போடுவார்கள். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி வீசிவிட்டு, நல்ல விதையை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி விதைப்பார்கள். அந்தத் தாத்தாவையே ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நம்மைவிட நன்றாக நடத்துவார்.

எல்லாச் செயலுக்கும் ஒரே வரிசை

மேலே நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து படி இருக்கிறது. பொருளைத் தொட்டுப் பார்த்தல், ஊகம் சொல்லுதல், செய்து பார்த்தல், பார்த்ததைப் படமாகவோ சொல்லாகவோ பதிந்து வைத்தல், கூடிப் பேசுதல். நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் செய்து பார்க்கப் பதினைந்து நிமிடம், கூடிப் பேசக் குறைந்தது பத்து நிமிடம். புதியவர்கள் பேச்சு நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள், மணி அடித்துவிடும் என்ற பயத்தில். வெட்ட வேண்டியிருந்தால் செய்யும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் பொருளைத் தண்ணீரில் போட்டு ஒன்றும் பேசாமல் போவதைவிட மூன்று பொருளைப் போட்டுப் பேசுவது மேல்.

தொட்டுப் பார்க்க நேரம் கொடுப்பதிலும் சிக்கனம் வேண்டாம். காந்தத்தைக் கையில் வாங்கிய பிள்ளை முதலில் அதை ஜன்னல் கம்பியில் ஒட்டிப் பார்க்கத்தான் செய்யும். அந்த ஆசை தீர ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். தீராத ஆசையோடு இருக்கும் பிள்ளையிடம் எந்தக் கேள்வியும் ஏறாது.

ஆனால் ஒன்று: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொருளைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கையில் வந்தபின் நீங்கள் சொல்வது யார் காதிலும் விழாது. நான்கு பேருக்கு ஒரு குழு சரியாக இருக்கும். ஐந்து பேர் ஆனால் ஒருவர் கட்டாயம் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், அது பெரும்பாலும் பெண் பிள்ளையாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். அதனால் யார் தண்ணீர் ஊற்றுவது, யார் பொருளைப் போடுவது, யார் படம் வரைவது என்று முறை வைத்து மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

'ஏன்' என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கு 'ஏன்' என்றாலே, டீச்சர் மனதில் ஒரு சரியான விடை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற பயம் வந்துவிடுகிறது. "என்ன பார்த்தே?", "எது முதல்ல நடந்துச்சு?", "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?", "இன்னொரு தடவ போட்டா அதே மாதிரி ஆகுமா?" இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்லும். பதில் அதன் கண் முன்னாலேயே இருக்கிறது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார். அதை மூன்று நொடிக்கும் கூடுதலாக்கியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்க எளிது. நாற்பது பேர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பழகுங்கள்.

பிள்ளையின் பேச்சு மொழியைத் திருத்த வேண்டாம். "முங்குது" என்றால் முங்குதுதான். "மெதக்குது" என்றாலும் சரி. பாடநூல் சொல் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்துகொள்ளும். தன் சொல்லில் பேச விடாமல் 'மூழ்குகிறது' என்று சொல்லச் சொன்னால், பார்த்ததைச் சொல்ல வந்த பிள்ளை உச்சரிப்பில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

தெரியாத கேள்வி வந்தால்? வரும், முதல் வாரமே வரும். "எனக்கும் தெரியல, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று சொல்லுங்கள். உங்கள் மதிப்பு குறையாது. நமக்கே தெரியாத ஒன்றைச் சேர்ந்து தேடுகிறோம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய கௌரவமாகத் தெரியும்.

பச்சைப்பயறு: ஒரு வாரத்துக்கு ஒரே சோதனை

தண்ணீர் விளையாட்டு அரை மணியில் முடிவது. விதை முளைப்பது நாள்கணக்கில் நடப்பது. பொறுத்திருந்து தினமும் பார்க்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

திங்கட்கிழமை தொடங்குங்கள். நான் முதன்முறை வெள்ளிக்கிழமை ஊற வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய், திங்கள் காலை வகுப்பறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். பிள்ளைகள் அழுதார்கள்.

பச்சைப்பயறு மலிவு, சீக்கிரம் முளைக்கும். பழைய பயறாக இருந்தால் பாதி முளைக்காது என்பதால் ஒரு பிடியை முன்னதாக வீட்டில் முளைக்க வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கிண்ணம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு. ஒன்றில் தண்ணீரே இல்லை. ஒன்றில் ஈரத்துணிக்கு நடுவில் பயறு. மூன்றாவதில் பயறு முழுக்கத் தண்ணீருக்குள். எதில் முளைக்கும் என்று ஊகம் கேளுங்கள். நிறையத் தண்ணீர் இருந்தால் நிறைய முளைக்கும் என்று ஒரு பெரிய கூட்டம் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் ஈரத்துணியில் உள்ளது வெள்ளை முனை காட்டியிருக்கும். தண்ணீருக்குள் கிடப்பதும் ஊதிப் பெருத்து, சிலது லேசாக முனை விட்டிருக்கும். இதைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம், "தண்ணிக்குள்ளயும் முளைக்கும்" என்று அன்றே தீர்ப்பும் சொல்ல வேண்டாம். புதன், வியாழன் ஆகும்போது ஈரத்துணிப் பயறு நீளமாக வேர்விடும். தண்ணீரில் கிடந்தது வளராமல் நின்று, நுரைத்து, நாற ஆரம்பிக்கும். "அதுக்கு மூச்சு முட்டிருச்சு டீச்சர்" என்று ஒரு ஒன்றாம் வகுப்புக் குழந்தை என்னிடம் சொன்னது. விதைக்கும் காற்று வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது. கரும்பலகையில் அதையே எழுதிப் போட்டேன்.

தினமும் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை, பார்த்ததை வரைய வேண்டும். பல பிள்ளைகள் முளையைப் பார்க்காமலேயே இரண்டு இலையும் ஒரு பூவும் வைத்துச் செடி வரைந்துவிடுவார்கள். "உன் பயறுல பூ எங்க இருக்கு, காட்டு" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் திரும்பிப் போய் உற்றுப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் வெளிச்சம். ஈரத்துணியில் வைத்த இரண்டு கிண்ணத்தில் ஒன்றை ஜன்னல் ஓரம் வையுங்கள், இன்னொன்றை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். இருட்டில் முளைக்கவே முளைக்காது என்றுதான் பெரும்பாலோர் ஊகிப்பார்கள், பெரியவர்களும்கூட. ஐந்தாறு நாளில் பெட்டியைத் திறந்தால் இருட்டுப் பயறு வெளிச்சத்துப் பயறைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறிய மஞ்சளாக நிற்கும். ஜன்னல் ஓரத்துப் பயறு குட்டையாக, பச்சையாக, தடித்த தண்டோடு இருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் ஊர் என்றால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: "முளைப்பாரி மாதிரியே இருக்கு!" முளைப்பாரியை இருட்டு அறையில் வைத்துத்தானே வளர்க்கிறார்கள். அந்த வெளிறிய உயரத்துக்குக் காரணம் இருட்டுதான். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் முளைப்பாரி எப்படிப் போடுவது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் பாதி வகுப்பு பேசத் துடித்துக்கொண்டு வரும்.

இந்தச் சோதனையோடு ஒரு முக்கியமான பாடம் சேர்ந்து வருகிறது. ஒரு கிண்ணத்துக்குத் தண்ணீர் தெளித்து, மூடி வைத்ததற்குத் தெளிக்க மறந்துவிட்டால் எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்ல முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது: அழுகுணி ஆட்டம். ஓட்டப்பந்தயத்தில் ஒருத்தன் பத்தடி முன்னால் நின்று ஓடினால் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டார்கள், சண்டைக்கு வருவார்கள். பயறுக்கும் அப்படித்தான்; ஒன்றை மட்டும் மாற்றி மற்றது எல்லாம் ஒரே மாதிரி வைத்தால்தான் நேர்மையான ஆட்டம். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களே நம்மைப் பிடிப்பார்கள். "டீச்சர், அதுல பதினொரு பயறு இருக்கு, அழுகுணி!"

சுருக்கமாக இன்னும் சில

நிழல். காலை ஒன்பதரைக்கு விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளையை நிறுத்தி, கால் வைத்த இடத்தையும் நிழலின் தலையையும் சாக்பீஸாலோ குச்சியாலோ குறியுங்கள். உச்சி வேளையில் இதே இடத்தில் நின்றால் நிழல் எங்கே இருக்கும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று ஒரு கல் வைத்து ஊகிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கும், பள்ளி விடும் முன்பும் வந்து பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள் உச்சியில் நிழலே காலடிக்குள் ஒடுங்கிவிடும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி. கன்னியாகுமரியில் ஏப்ரலில் இரண்டு வாரம் போல முன்னதாகவே. ஆகஸ்டில் பள்ளி நாளாக இருப்பதால் வட மாவட்டத்துக்காரர்கள் அதைத் தவறவிடாதீர்கள். நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

எறும்பு. பச்சரிசி மாவால் ஒரு சின்னக் கோலம், கடையில் விற்கும் வெள்ளைக் கல்மாவால் அதே போல ஒரு கோலம், மரத்தடியில் பக்கத்துப் பக்கத்தில். எதற்கு எறும்பு வரும்? வந்தால் எத்தனை? சர்க்கரை, வெல்லம், உப்பு என்று பிறகு மாற்றிப் பார்க்கலாம். கடிக்காத பிள்ளையார் எறும்பு நடமாடும் இடமாகப் பாருங்கள். முசுறும் கட்டெறும்பும் இருக்கும் மரத்தடி வேண்டாம். பார்த்து முடித்ததும் எறும்பை நசுக்காமல் விட்டுவர வேண்டும் என்பதும் இதில் ஒரு விதி.

காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் இழுத்தால் பல இடங்களில் கரும்பொடி ஒட்டி வரும். பையைத் திருப்பினால் பொடி தனியாக உதிரும். பை இல்லாமல் இழுத்தால் காந்தத்தில் இருந்து அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆகும்.

ஆவியாதல். கரும்பலகையில் ஈரத்துணியால் ஒரு திட்டு வைத்து, அதன் ஓரத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். தண்ணீர் எங்கே போகிறது? ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டையை நனைத்து, ஒன்றை விரித்தும் ஒன்றை மடித்தும் காய வைத்தால் அடுத்த கேள்வி தயார். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளமே கண் முன்னால் இருக்கிறது.

சங்குப்பூ. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்து ஆறிய தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை பக்கம் போகும். மிக அழகு. ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நிறம் மாறும் சோதனைகளை நாம் மந்திரம் போலச் செய்து காட்டிவிடுகிறோம். முதலில் ஒன்றிரண்டைக் காட்டிவிட்டு, புளித்தண்ணீர், மோர், உப்புத் தண்ணீர் விட்டால் எந்த நிறம் வரும் என்று ஊகிக்க விட்டால் மட்டும் செய்யுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான். என்றாலும் சுண்ணாம்பைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புத் தண்ணீரே மஞ்சளைச் சிவக்க வைக்கும்.

கவனமாக இருக்க வேண்டியவை

இந்த வயதில் பெரிய ஆபத்து நெருப்போ அமிலமோ இல்லை, அவற்றை நாம் கொண்டுபோகவே போவதில்லை. பயறும் புளியங்கொட்டையும்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை மூக்கில் போட்டுக்கொள்ளும், காதில் போட்டுக்கொள்ளும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் மாட்டிக்கொண்டால் குச்சியோ விரலோ விட்டு எடுக்க முயலாமல் நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பொத்தான் போன்ற சின்ன பேட்டரியும், ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டும் குட்டிக் காந்தமும் வகுப்புக்குள் வரவே கூடாது; விழுங்கிவிட்டால் குடலைக் கெடுத்துவிடும். தண்ணீர் வாளியை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள். கண்ணாடி டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சோதனைக்கு வைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது, வெல்லமாக இருந்தாலும்.

ஆய்வகம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, உள்ளூரில் கிடைக்கும் மலிவான பொருள்களை வைத்துத் தாங்களே சோதனை செய்து கண்டுபிடிப்பதுதான் அங்கே பாடம். 1978-இல் மாவட்டம் முழுமைக்கும் விரிந்து, 2002 வரை நடந்தது. சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வைத்து வடிவங்கள் செய்யும் அரவிந்த் குப்தாவின் வேலைகளுக்கு வித்திட்டதும் அந்த ஊர்தான். அவர்கள் எடுத்தது ஆறு முதல் எட்டாம் வகுப்பு. நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அதைவிடவும் குறைவு. என் அறிவியல் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் இரண்டு காந்தம், நூல், சாக்பீஸ், ஒரு பூதக்கண்ணாடி, பழைய துணி, கொஞ்சம் பயறு. கடையில் வாங்கியது பூதக்கண்ணாடி மட்டும்.

பெற்றோரை நினைத்தும் கொஞ்சம் தயாராக இருங்கள். "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் பிள்ளை, "தண்ணியில விளையாண்டோம்" என்று சொல்லும். மறுநாள் அப்பா வாசலில் நிற்பார். கோபப்படாதீர்கள். பிள்ளை கையில் ஈரத்துணியில் சுற்றிய ஐந்து பயறைக் கொடுத்தனுப்பி, தினமும் வீட்டில் பார்த்துப் படம் வரைந்து வரச் சொல்லுங்கள். அப்பாவும் சேர்ந்து குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் வாசலுக்கு வரமாட்டார், வந்தாலும் தன் பயறைப் பற்றிச் சொல்லத்தான் வருவார்.

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை, யார் கேட்டது என்ற பெயரோடு அதில் எழுதுங்கள். பல கேள்விக்கு உடனே வழி கிடைக்காது. பரவாயில்லை, தாளில் இருக்கட்டும். அடுத்த வாரம் என்ன செய்வது என்று புத்தகத்தில் தேடும் முன் அந்தத் தாளைப் பாருங்கள். இப்போது என் வகுப்புத் தாளில் கடைசியாக இருப்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது: "தண்ணிக்குப் பதிலா தேங்காயெண்ணெய் ஊத்தினா எலுமிச்சம்பழம் மிதக்குமா?" பாதி வகுப்பு மிதக்கும் என்கிறது, பாதி மூழ்கும் என்கிறது. ஒரு டம்ளர் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பார்க்கப் போகிறோம்.